வாளி ரெண்டு, வண்டி ஒண்ணு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரே ஒரு வரி குப்பையப் பத்தி எழுதிட்டேன், அவ்வளவுதான், இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல அதுதான். சரி, கிளறிருவோம்.

கேள்வி: நான் மக்குறது மக்காததுன்னு பச்சை வாளி, நீல வாளில பிரிச்சு வைக்கிறேன். தெருவுக்கு வர்ற வண்டில ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டுப் போயிர்றாங்க. அப்புறம் நான் எதுக்குப் பிரிக்கணும்? (வாசகி, வில்லாபுரம்)

அக்கா, உங்க கோவம் நியாயம்தான், ஆனா அந்தக் கோவத்த வண்டி தள்ளிட்டு வர்றவங்க மேல காட்டிறாதீங்க. வண்டில ரெண்டு குப்பையையும் தனித்தனியா வைக்க நடுவுல தடுப்பு இருக்கான்னு பாருங்க. தடுப்பு இல்லாத வண்டியக் குடுத்துட்டு பிரிச்சு வாங்குன்னா அவங்க எங்க போயி வைப்பாங்க, தலையிலயா? அதோட தெருவுல நாப்பது வீட்ல நீங்க ஒரு ஆளு மட்டும் பிரிச்சுக் குடுத்தாலும் மிச்சம் முப்பத்தொம்பது வீட்டுக் குழம்பு அதுமேல ஊத்திரும்.

2016-ல வந்த திடக்கழிவு விதில, பிரிக்க வேண்டியது வீட்டுக்காரங்க, பிரிச்சதப் பிரிச்சபடியே கொண்டுபோக வேண்டியது உள்ளாட்சின்னு ரெண்டு பக்கமும் பொறுப்பு வச்சிருந்தாங்க. அதனால வார்டு கவுன்சிலர்கிட்ட கேக்கும்போது "குப்பை எடுக்கல"ன்னு பொதுவாச் சொல்லாம "தடுப்பு வச்ச வண்டி வேணும்"னு கேளுங்க. அது அவங்களுக்கும் செஞ்சு குடுக்கக்கூடிய விஷயம்.

அதுவரைக்கும் நான் சொல்றது வேற: ஈரக் குப்பைய வீட்ட விட்டே வெளிய அனுப்பாதீங்க. பழைய பெயிண்ட் வாளில சுத்தி ஓட்டை போட்டு, அடில தேங்காய் நார் போட்டு, ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு ரெண்டு பங்கு காஞ்ச சருகுன்னு போட்டுட்டு வந்தா ரெண்டு மாசத்துல உரம். எங்க வீட்ல மொத தடவ சருகு போட சோம்பேறித்தனப்பட்டு வெறும் தோலா நெரப்பிட்டேன், நாறிப்போயி புழு வச்சு, வீட்டம்மா வாளியோட என்னையும் மொட்டமாடிக்கு அனுப்பிட்டாங்க. காத்து போகலன்னா நாறும், அம்புட்டுத்தான் சூட்சுமம். காஞ்ச குப்பைய வாரம் ஒருக்க குடுத்தாப் போதும், பழைய இரும்பு பேப்பர் கடைக்காரர் வந்தார்னா அதுலயும் பாதி காசாயிரும்.

கேள்வி: ஊர் பெருசாகிட்டே போகுது, குப்பை மேனேஜ்மெண்ட் மட்டும் அப்படியே இருக்கே? (வாசகர், ஆனையூர்)

அப்படியேன்னு சொல்ல முடியாது தம்பி, பின்னாடியே ஓடி வருதுன்னு சொல்லலாம். 2011-ல மதுரை மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டு ஆச்சு, பரப்பளவு சுமார் 52 சதுர கிலோமீட்டர்ல இருந்து சுமார் 148. உங்க ஆனையூரு, அவனியாபுரம், திருப்பரங்குன்றம் மூணும் தனித்தனி நகராட்சியா இருந்து உள்ள வந்ததுதான், கூடவே பேரூராட்சியும் கிராமமும் வந்துச்சு. அந்தக் கிராமத்துல நேத்து வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குப்பைக்குழி இருந்துச்சு, இன்னைக்கு அந்தக் குழி பிளாட்டு ஆயிருச்சு. குழி போச்சு, குப்பை போகல.

இதுல இன்னொரு மாத்தமும் இருக்கு, யாரும் அதப் பேச மாட்டாங்க. நம்ம பக்கம் "வயலுக்குக் குப்பை அடிக்கிறது"ன்னா எரு அடிக்கிறது. அப்ப குப்பைங்கிற வார்த்தைக்கே அதான் அர்த்தம், சாணி, சாம்பல், வைக்கோல், இலை. இன்னைக்கு மாட்டுவண்டில ஏத்தி எந்த சம்சாரி வயல்ல இதக் கொட்டுனாலும் அவரு நம்மள அடிக்க வருவாரு. சின்ன ஷாம்பு பாக்கெட்டும் பார்சல் டப்பாவும் டயப்பரும் வந்தப்புறம் அதே வார்த்தை வேற பொருளாயிருச்சு, ஆனா ஒரு எடத்துல கொட்டிட்டு வர்ற பழக்கம் மட்டும் மாறல.

மாறுற வழி என்னன்னா எல்லாத்தையும் ஒரே கெடங்குக்குக் கொண்டுபோகாம வார்டுக்குள்ளயே மக்க வைக்கிற நுண் உர மையங்கள். தூரம் கொறைஞ்சா டீசல் கொறையும், லாரி டிரிப் கொறையும். ஆனா அங்கயும் பாலித்தீன் கலந்து போச்சுன்னா உரம் தேறாது, திரும்ப உங்க வாளிக்குத்தான் வந்து நிக்குது. சின்ன ஊருங்களுக்கு வேற கணக்கு: 5 லட்சத்துக்குக் கீழ ஜனத்தொகை இருந்தா பல ஊர் சேர்ந்து பொதுவா மிச்சக் குப்பையப் பொதைக்கிற ஒரு நிரப்பு கெடங்கு வச்சுக்கலாம்னு அந்த 2016 விதிலயே சொல்லியிருந்தாங்க. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூரு மாதிரி ஊருங்க தனித்தனியா ஒரு மேடு வளக்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: வெள்ளக்கல் குப்பைக் கெடங்கு பக்கம் போனாலே பயோமைனிங்னு பேசுறாங்க, அது என்ன தங்கமா எடுக்குறாங்க? (வாசகர், திருமங்கலம்)

தங்கம் இல்லங்க, நம்ம அப்பா காலத்துக் குப்பை! பழைய மேட்ட வெட்டி வரிசையாக் குவிச்சு, நுண்ணுயிர்க் கரைசல் தெளிச்சு, பொரட்டிப் பொரட்டி ஈரத்த எறக்கி, அப்புறம் சுத்துற பெரிய சல்லடைல விட்டு சலிப்பாங்க. மண்ணு தனி, கல்லு தனி, பாலித்தீனும் துணியும் தனி. அந்த எரியுற சரக்கு சிமெண்ட் ஆலைக்குப் போகும், அங்க சூளைல 1400 டிகிரிக்கு மேல சூடு. சென்னை பெருங்குடிலயும் இதே முறைதான். நல்ல வேலைதான், நான் கொறை சொல்லல. ஆனா ஒரு பக்கம் பழச சலிச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் புதுசா கலந்து கொட்டிக்கிட்டே இருந்தா ஓட்டைக் கொடத்துல தண்ணி எறைக்கிற கதைதான்.

கேள்வி: பிளாஸ்டிக் ரோடு நம்ம மதுரைல கண்டுபிடிச்சதாமே, அப்ப எல்லா பாலித்தீனையும் ரோட்டுல போட்ற வேண்டியதுதானே? (மாணவி, மேலூர்)

ஆமாம்மா, நம்ம தியாகராஜர் பொறியியல் கல்லூரில வேதியியல் பேராசிரியரா இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடிச்சதுதான், 2018-ல பத்மஸ்ரீ வாங்கினாரு. ஜல்லிய 160, 170 டிகிரிக்கு சூடு பண்ணி அதுல துண்டு துண்டா வெட்டுன பாலித்தீனத் தூவுனா உருகி ஜல்லி மேல தோல் மாதிரி ஒட்டிக்கிரும், அப்புறம் தார். தண்ணி உள்ள எறங்காது, தாரும் மிச்சமாகும். ஆனா எல்லாத்தையும் போட முடியாது, பிவிசி (தண்ணிக் குழாய் செய்யிற பிளாஸ்டிக்) கூடவே கூடாது, சூட்டுல விஷப்புகை வரும். போடுற கவரும் காஞ்சு சுத்தமா இருக்கணும், சாம்பார் ஒட்டுன கவரை யாரு கழுவிக்கிட்டு இருப்பா? கண்டுபிடிப்பு நம்ம ஊருல இருந்தும் அதுக்குக் கவர் கெடைக்காம இருக்குறது இதனாலதான்.

கேள்வி: பக்கத்து காலி பிளாட்டுல தெனம் சாயங்காலம் குப்பைய எரிக்கிறாங்க, கொசு போகும்ங்கிறாங்க. (வாசகி, அவனியாபுரம்)

கொசு போகுதோ இல்லையோ, மூச்சு போகும். தெருவுல குப்பை எரிக்கிறது விதிப்படியே தப்பு. மொதல்ல நல்லபடியாச் சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா போட்டோவோட புகார்.

கேள்வி: டயப்பர், நாப்கின் எந்த வாளில போடணும்? கேக்கவே கூச்சமா இருக்கு. (பேர் வேண்டாம், கே.கே. நகர்)

கூச்சமே வேண்டாம், இந்த வாரத்து நல்ல கேள்வி இதுதான். ரெண்டு வாளிலயும் போடாதீங்க. பேப்பர்ல சுத்தி மேல செவப்புப் பேனால ஒரு வட்டம் போட்டு தனியாக் குடுங்க. கம்பெனிக்காரங்களே சுத்திப் போட உறை குடுக்கணும்னு விதி இருக்கு, பாக்கெட்டுல இல்லன்னா அதையும் கேளுங்க. அந்தச் செவப்பு வட்டம் எதுக்குன்னா, பிரிக்கிற எடத்துல குப்பை ஓடி வர்ற பெல்ட்டு முன்னாடி நின்னு குப்பையப் பிரிக்கிற அக்காமார்ல பல பேரு கைல கிளவுஸ் இருக்காது, பிரிச்சுப் பாத்தப்புறம்தான் அவங்களுக்கு உள்ள என்னன்னு தெரியுது.