சொந்தமாகச் செய்த ஹெட்போனில் பேஸ் அதிகமாக இடித்தால் பாஸிவ் ஃபில்டரால் குறைக்க முடியுமா?

முடியும். பாஸிவ் ஃபில்டர் என்பது பேட்டரியோ ஐசியோ இல்லாமல், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போன்ற பாகங்களை மட்டுமே வைத்து ஒலியின் ஒரு பகுதியைக் குறைக்கும் சுற்று.

கெப்பாசிட்டர் உயர் அதிர்வெண்ணை எளிதாக விடும், தாழ்ந்ததைத் தடுக்கும். அதை ரெசிஸ்டருக்கு இணையாக வைத்தால் பைபாஸ் சாலை மாதிரி: ட்ரெபிள் வெளியே சுற்றிப் பறந்துவிடும், பேஸ் மட்டும் ஊருக்குள் நெரிசலில் புகுந்து இளைத்து வரும்.

32 ஓம் டிரைவருக்கு (ஹெட்போனில் ஒலி எழுப்பும் பாகம்) 33 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சுமார் 200 ஹெர்ட்ஸிலிருந்து பேஸ் சரியத் தொடங்கி, 100க்குக் கீழே போகப் போக 6 டெசிபல் குறைவில் நிற்கும். அது அதிகமாகப் பட்டால் 15 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரடும் போடுங்கள். 3 டெசிபல்தான் குறையும். கெப்பாசிட்டர் நான்-போலார் வகையாக (பிளஸ், மைனஸ் திசை இல்லாதது) இருக்கட்டும். ஒவ்வொரு காதுக்கும் தனி ஜோடி, சிக்னல் வயரில். பொதுவான கிரவுண்டில் போட்டால் இடதும் வலதும் கலந்துவிடும்.

ஒரு சிக்கல்: சாதாரண காயில் டிரைவரின் மின்தடை, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் (அது இயல்பாகவே அதிகம் அதிரும் இடத்தில்) 32 ஓமைவிட ஏறும். அங்கே ஃபில்டர் கணக்கைவிடக் குறைவாகவே வேலை செய்யும். தட்டையான மெல்லிய படலம் அதிரும் பிளேனார் வகை டிரைவரில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

‘வெறும் ரெசிஸ்டரே போதும்’ என்பார்கள். அது எல்லா ஒலியையும் குறைக்கும். காயில் டிரைவரில் பேஸ் மேடு முன்னைவிடத் துருத்திக்கொண்டு கேட்கவும் கூடும்.