அல்சைமரில் முதலில் கெடுவது எந்த இடம்? – கேள்வி பதில்

டாக்டர், அப்பாவுக்கு 74 வயது. முதல் வேலையில் வாங்கிய சம்பளம்வரை சொல்கிறார். காலையில் இட்லி சாப்பிட்டாரா என்றால் முழிக்கிறார். பழசு இருக்க, புதுசு மட்டும் எப்படிப் போகும்?

பழைய நினைவுகள் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, முழுக்கப் பரவிப் பதிந்துவிட்டவை. புதிதாக ஒன்று பதிய மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி வேண்டும். அதற்குச் செய்தி நுழையும் வாசல், பக்கத்திலேயே இருக்கும் என்டோரைனல் புறணி. 1991இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிராக் தம்பதி, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, டாவ் என்னும் புரதத்தின் முடிச்சுகள் புறணியில் முதலில் தலைகாட்டுவது இந்தப் பகுதியில்தான் என்று காட்டினார்கள். 1996இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் அதிர்ச்சியானது. மறதி மிக லேசாக இருந்த நிலையிலேயே இறந்துபோனவர்களிடம்கூட, இதன் இரண்டாம் அடுக்கில் ஏறக்குறைய 60% நரம்பணுக்கள் இல்லை. ஹிப்போகாம்பஸுக்கு இழை அனுப்புபவையே அவைதான். இட்லி சாப்பிட்டது உள்ளே போகவே இல்லை என்றால் எங்கிருந்து எடுத்துச் சொல்வார்? ஆனால் அப்பாவுக்கு இருப்பது அல்சைமர்தான் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் செல் செத்தால்தான் மறதியா?

இல்லை, அதற்கும் முன்னால் இணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள், உதிர்கின்றன. மறதியின் அளவோடு அதிகம் ஒத்துப்போவது இந்த இழப்புதான். இந்த நோயில் மூளையில் சேரும் இன்னொரு புரதமான அமிலாய்டின் படிவுகளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. படிவாகத் திரளாமல் கரைந்து திரியும் சின்னச் சின்ன அமிலாய்டு கொத்துகளே சினாப்ஸை முடக்குகின்றன என்று எலி மூளைச் சோதனைகள் சொல்கின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா சினாப்ஸ்களைத் தின்பதும் எலிகளில் பார்த்ததுதான்.

சார், பெரியம்மாவுக்குப் பெயரெல்லாம் நினைவிருக்கிறது, வழிதான் தவறுகிறது. அதுவும் இதுவா?

இருக்கலாம். நாம் நிற்கும் இடத்தைக் கணக்கு வைக்கும் கட்டச் செல்கள் இருப்பதும் அதே என்டோரைனல் பகுதியில்தான். அவற்றை எலியில் 2005இல் கண்டறிந்த மோசர் தம்பதிக்கு 2014இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழகிய தெருவில் வழி தவறினால் வயசாச்சு என்று விட்டுவிடக் கூடாது.

அமிலாய்டு கதையே மோசடி என்று செய்தி படித்தேனே?

2006இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால், 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அது அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றியது. அமிலாய்டு உருவாகும் மரபணுவில் பிறழ்வு உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே நோய் வருவது 1991 முதல் தெரியும். அது அப்படியே நிற்கிறது. அமிலாய்டை அகற்றும் லெகானமாப் என்னும் மருந்து, 18 மாதங்களில் சரிவை 27% மெதுவாக்கியது. போன நினைவு திரும்பாது, சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரும். வீட்டாருக்கு அந்த 27% கண்ணில் படுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

எம்ஆர்ஐ நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

சாதாரண எம்ஆர்ஐயில் சினாப்ஸ் தெரியாது. அமிலாய்டு சேரத் தொடங்குவது மறதிக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே. அதைப் பார்க்கப் பெட் ஸ்கேன் உண்டு. இப்போது ரத்தத்தில் டாவ் புரதத்தின் ஒரு வடிவமான பி-டாவ் 217 பார்க்கும் சோதனையும் வந்திருக்கிறது. ஆனால் மறதியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் அமிலாய்டு இருக்கும். அறிகுறி இல்லாதவர்கள் ஆசைக்காக இதை எடுக்காதீர்கள்.

எனக்கு 34 வயது. வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்பதே மறக்கிறது.

தூங்குங்கள்.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் முதலில் என்ன செய்வார்கள்?

மல்லிகை, செருப்பு, கோயில் என்று சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டுத் திரும்பக் கேட்பார்கள். முழித்தால் ‘ஒரு பூ’ என்று துப்புக் கொடுப்பார்கள். மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் சட்டென்று பிடித்துக்கொள்வார். அல்சைமர் ஆரம்பத்தில் துப்பும் அவ்வளவாக உதவாது, சிலர் ரோஜா என்பார்கள். அப்புறம் பி12, தைராய்டு, காது எல்லாம் பார்ப்பார்கள். அவர் போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் கொண்டுபோங்கள். தூக்கத்துக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளாலேயே மறதி வரும்.