கல்லடித் தங்கச்சிக்கு: மெழுகு புளொக்கே போதும்

தங்கச்சி, அம்மாவின் மார்புக் கட்டியை எடுத்து மூன்று கிழமை, போர்மலினில் போட்டு மெழுகில் பதித்த புளொக்தான் மிச்சம், கீமோ தேவையா என்று முடிவெடுக்க உதவும் 21 மரபணுச் சோதனைக்குப் புதுத் திசு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தச் சோதனையே மெழுகு புளொக்கை வைத்து உருவாக்கியதுதான். மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஆர்என்ஏயைப் போர்மலின் துண்டு துண்டாக்கும், உண்மை. ஆனால் அளப்பது மிகக் குட்டையான பகுதிகளைத்தான். 16 புற்றுநோய் மரபணுக்களை 5 ஒப்பீட்டு மரபணுக்களோடு சேர்த்துப் பார்ப்பதால், மாதிரிக்கு மாதிரி வரும் ஏற்றத்தாழ்வும் சரிக்கட்டப்படும்.

காசு கட்டமுன் ரிப்போட்டைப் பாருங்கள். ஈஆர் பொசிட்டிவ் (கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 புரதம் மிகையாக இல்லை) என்று இரண்டும் இல்லையென்றால் சோதனையை விட்டுவிடுங்கள். 2018இல் வெளிவந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில், நிணநீர்க் கணுவுக்குப் பரவாத, 50 வயது தாண்டிய பெண்களில் இந்தச் சோதனையில் 11 முதல் 25 வரை புள்ளி வந்தவர்களுக்குக் கீமோவால் மேலதிகப் பயன் தெரியவில்லை. அம்மாவுக்கு 61 வயது என்கிறீர்கள், கீமோ தொடங்கமுன் டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சாயமிட்ட சிலைட்டோடு திரும்பி வராதீர்கள். என் மாமிக்கு அப்படித்தான் ஒரு பயணம் வீணானது. புளொக், அல்லது சாயமிடாத வெட்டுகள் என்று சொல்லிக் கேளுங்கள். ஐஸ் தேவையில்லை. ஆனால் மட்டக்களப்பு வெயிலில் வானின் முன்கண்ணாடிக்குக் கிட்ட மட்டும் வைக்காதீர்கள், அது மெழுகு!