வீடியோவில் மெட்ரோனோம் சத்தம்: எதை வாங்கினால் தீரும்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட இன்னிசைக் குழு. மடிக்கணினியிலிருந்து பின்னணி இசையும், தாள வேகம் காட்டும் 'டிக்' ஒலியான மெட்ரோனோமும் மிக்சருக்குப் போகின்றன. அங்கிருந்து டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கீபோர்டு வாசிப்பவருக்கும் ஹெட்போனில் வருகின்றன. அண்மையில் சிறிய அரங்கில் வாசித்ததை வீடியோ எடுத்தோம். வயலின் தனியாக ஒலிக்கும் இடங்களிலும், பாட்டு முடிந்து ஒலி அடங்கும் இடத்திலும் 'டிக், டிக்' என்று தெளிவாகக் கேட்கிறது. ஆறு பேருக்கும் வயர்லெஸ் இன்-இயர் (காதுக்குள் செருகும் இயர்போன்) செட் வாங்கினால்தான் தீரும் என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். வயர்லெஸ் வாங்கினால் வயர்தான் போகும். காதோரம் கசியும் சத்தம் போகாது. மெட்ரோனோம் கேட்பவர்கள் இரண்டு பேர், இருவருமே உட்கார்ந்து வாசிப்பவர்கள். மற்ற நால்வருக்காக நீங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா மைக்குகளையும் திறந்து வைத்து, யாரும் வாசிக்காமல், மெட்ரோனோமை மட்டும் ஓடவிட்டு அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். முதல் முறை ஹெட்போன்களை மிக்சரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அப்போதும் 'டிக்' பதிவானால் அது வயர் வழியாகவே, அரங்கின் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் ஒலியில் கலக்கிறது. பிறகு ஹெட்போன்களைச் செருகி, வழக்கமாக வைக்கும் அதே சத்தத்தில், காதில் மாட்டிக்கொண்டு பதிவு செய்யுங்கள். இப்போதுதான் கேட்கிறது என்றால் கசிவு காற்று வழியாக.

வயர் வழிக் கசிவுக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை, அல்லது ஒரு கேபிள் போதும். மடிக்கணினியின் இடது பக்கத்தில் மெட்ரோனோம், வலது பக்கத்தில் பின்னணி இசை என்று பிரித்து, ஸ்டீரியோ முனையை இரண்டு மோனோ முனைகளாகப் பிரிக்கும் கேபிளில் மிக்சரின் இரு தனி இணைப்புகளுக்குக் கொடுங்கள். மெட்ரோனோம் வரும் இணைப்பை ஆக்ஸ் (மிக்சரில் ஹெட்போனுக்கென்று தனியாக ஒலி அனுப்பும் வெளியீடு) வழியாக மட்டும் அனுப்பி, மெயினுக்குப் போகாமல் துண்டித்துவிடுங்கள். அவசரத்தில் மோனோ கேபிளைச் செருகினால் இந்தப் பிரிப்பு வேலை செய்யாது; கேபிள் முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்றே ஒன்று என்றால் மோனோ.

உங்கள் விஷயத்தில் காற்று வழிக் கசிவுதான் என்று நினைக்கிறேன். சத்தம் அடங்கும் இடங்களில் மட்டும் கேட்பது அதற்கு அடையாளம். ஹெட்போனின் வெளிப்புறத்தைப் பாருங்கள். அங்கே வலை போன்ற துளைகள் இருந்தால் அது திறந்த வகை. உள்ளே ஒலிப்பது பெருமளவு வெளியிலும் கேட்கும். சென்ஹைசர் எச்.டி. 600, பேயர்டைனமிக் டி.டி. 990 போன்றவை அருமையானவை, ஆனால் வீட்டில் தனியாக இசை கேட்பதற்கு. மைக் இருக்கும் மேடைக்கு அவை ஆகவே ஆகாது. டி.டி. 770, சோனி எம்.டி.ஆர். 7506 போன்ற மூடிய வகை பரவாயில்லை. நான் சிபாரிசு செய்வது காதுக்குள் அடைத்து உட்காரும் வயர் உள்ள இன்-இயர். ஷூர் எஸ்.இ. 215 வெளிச்சத்தத்தை 37 டெசிபல் வரை தடுக்கும் என்கிறது நிறுவனம். பணம் இடித்தால், கே.இசட். போன்ற மலிவான வகையில் வாங்கி, நல்ல ஃபோம் முனை போட்டுக்கொள்ளுங்கள்.

முனை சரியாக அடைக்காவிட்டால் எந்த விலை கொடுத்தும் பயனில்லை. ஃபோமை விரல்களுக்கிடையில் உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகுங்கள். அது விரியும் வரை, பத்துப் பதினைந்து விநாடி, விரலை எடுக்காதீர்கள். பாஸ் ஒலி மெலிந்து கேட்டால் அடைப்பு சரியில்லை என்று பொருள். நன்றாக அடைத்துவிட்டால் உள்ளே வரும் டிரம்ஸ் இரைச்சல் வெகுவாகக் குறையும். டிரம்ஸ்காரர் மெட்ரோனோமைக் கூட்டி வைக்க வேண்டிய தேவையே எழாது. கசிவும் குறையும், அவருடைய செவியும் பிழைக்கும்.

கீபோர்டு வாசிப்பவர் ஒரு காதைத் திறந்து வைத்து வாசிக்கிறாரா? அந்தத் திறந்த பக்கம் நேராக வயலின் மைக்குக்குப் பாடுகிறது. மாட்டியிருக்கும் காதுக்கு மட்டும் ஒலி போகும்படி மாற்றிக் கொடுங்கள்.

காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அதை முதலில் செய்யச் சொல்வேன். கூர்மையான 'பீப்' ஒலியை மாற்றி, ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு) போலக் குறுகி ஒலிக்கும் சத்தத்தை வையுங்கள். கசிந்தாலும் வாத்தியங்களுக்குள் மறைந்துவிடும். வயலின் தனியாக வரும் இடத்தில் மெட்ரோனோமின் ஒலியளவை மென்பொருளிலேயே தாழ்த்துங்கள். கடைசி அடி விழுந்ததும் மெட்ரோனோம் நின்றுவிட வேண்டும். ஒலி அடங்கும்போது அது யாருக்கும் தேவையில்லை.

கடைக்காரர் புளூடூத் இயர்போனைக் காட்டினாலும் வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி. சாதாரண புளூடூத்தில் 150 மில்லி விநாடி தாமதம் என்பது வழக்கமான சங்கதி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி தள்ளிக் கேட்கும். அதை வைத்துத் தாளம் போட முடியாது.

கேள்வி: எடுத்து முடித்த வீடியோவில் இருக்கும் சத்தத்தை மென்பொருள் வைத்து நீக்கித் தருவதாக எடிட்டர் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– அதே வாசகர்

பதில்: முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். ஐசோடோப் ஆர்.எக்ஸ். என்ற ஒலி சீரமைப்பு மென்பொருளின் சில பதிப்புகளில் இதற்கென்றே ஒரு கருவி 2017 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு மெட்ரோனோம் ஒலியின் தனிப் பதிவைக் கொடுக்க வேண்டும். உங்களிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை தனி டிராக்கில் பதிந்து வையுங்கள். வயலின் தனியாக வரும் பத்து விநாடியை மட்டும் மாதிரிக்குச் செய்து தரச் சொல்லி, நல்ல ஹெட்போனில் கேட்ட பிறகு முடிவெடுங்கள். வயலினின் நாதம் தேய்ந்து கேட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி உண்டு. மெட்ரோனோமுக்கு வாசித்ததால் உங்கள் வேகம் எப்போதும் ஒன்றே. அந்த வயலின் பகுதியையும் முடிவையும் மட்டும் ஒலியாக மறுபடி வாசித்துப் பதிந்து ஒட்டலாம். வில்லசைவு பொருந்தாத இடத்தில் தூரக் காட்சியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இன்-இயரில் ஒரு பக்கம் கேட்கவில்லை. காதுக்குள் போடும் பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்பனையாளர்.
– வாசகி, சேலம்

பதில்: கேபிள் கழற்றக்கூடிய வகை என்றால், முதலில் இடது, வலது கேபிள் முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். முன்பு கேட்ட இயர்பீஸ் இப்போது ஊமையானால் பழுது கேபிளில்தான்.

பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, பழுதான பொருளைத் திருப்புவது வேறு. பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு ரசீதுடன் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது.