மகனின் பந்தெறியும் கை: டல்லாஸுக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, கோவையிலிருந்து குடும்பத்துடன் டல்லாஸ் பக்கம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், ஊரில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த உங்கள் பதின்மூன்று வயது மகன் இங்கே பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சராகி மணிக்கு 70 மைல் வேகத்தில் எறிகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆண்டு முழுவதும் ஆடும் தனியார் அணி ஒன்று அவனைக் கேட்கிறது, சேர்க்கலாமா, தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் வரை போக அவனுக்கு வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. வீடு வாங்குவதா வாடகையில் இருப்பதா, எந்தப் பள்ளி வட்டாரம் நல்லது, தமிழ்ப் பள்ளி எங்கே என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையிலேயே எல்லாம் கிடைத்துவிடும். பந்தெறியும் கையைப் பற்றிச் சொல்லத்தான் நம்மவரில் ஆள் குறைவு என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் எறிய வைக்கும் எந்த அணியிலும் அவனை இப்போது சேர்க்காதீர்கள். திறமை உள்ள பையனுக்குத்தான் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. சுமாராக எறிகிற பையனை இரண்டு இன்னிங்ஸில் மாற்றிவிடுவார்கள்; வேகமாக எறிகிறவனை எல்லா ஆட்டத்திலும், இறுதிப் போட்டியிலும், அடுத்த வாரப் போட்டியிலும் கேட்பார்கள்.

கிரிக்கெட்டில் பழகிய கைதானே, தாங்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை பதினைந்து பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. அதனால் வேகப்பந்து வீச்சாளரின் பெரிய சுமை கீழ்முதுகில் விழுகிறது, அவர்களுக்கு எலும்பில் விரிசல் வருவதும் அங்கேதான். பேஸ்பாலில் முழங்கை மடங்கி, தோள் பின்னோக்கித் திரும்பி, பிறகு கண் இமைக்கும் நேரத்தில் கை முழுவதும் சாட்டையைப் போல முன்னால் வீசப்படுகிறது. அந்த இழுப்பை முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்திருக்கும் ஒரு சிறிய தசைநார் தாங்கியாக வேண்டும். பயிற்சியால் தசை வலுவடையும். தசைநார் அந்த அளவுக்கு வலுவடையாது. உங்கள் மகன் வயதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், முழங்கையின் உட்பக்கத்து வளர்ச்சித் தட்டு அந்தத் தசைநாரைவிடவும் மென்மையாக இருக்கிறது. அதே வயதில்தான் ஆடுகளமும் பெரிதாகிறது: சிறுவர் லீக்கில் 46 அடி தூரத்திலிருந்து எறிந்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் பெரியவர்களின் அளவான 60 அடி 6 அங்குலத்துக்குப் போகிறார்கள்.

அறுந்த அந்தத் தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை 1974-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முதன்முதலாகச் செய்தார். செய்துகொண்டவர் டாமி ஜான் என்ற பிட்சர். 1976-இல் திரும்பி வந்து, 1989 வரை ஆடி, அறுவைக்குப் பின் மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அறுவை செய்தால் முன்பைவிட வேகம் கூடும் என்று மைதானத்து வேலியோரம் நின்று பேசும் பெற்றோரை நீங்கள் சந்திப்பீர்கள். அது உண்மையன்று. திரும்பி வருவதற்கே ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். பலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிய ஆய்வகத்தார், அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களைக் காயப்படாதவர்களுடன் ஒப்பிட்டு 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு முப்பத்தாறு மடங்கு. மேஜர் லீக் நிர்வாகமே 2014-இல் வயதுவாரியாக வழிகாட்டும் அளவுகளை வெளியிட்டது. பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்துகள். 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதங்கள் எறியவே கூடாது, அவற்றில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இதை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பந்துகளை நீங்களே எண்ணுங்கள், ஏனென்றால் பள்ளி அணி தன் கணக்கை வைத்திருக்கும், தனியார் அணி தன் கணக்கை வைத்திருக்கும், இரண்டையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

நான் 1999-இல் எச்-1பி வேலை விசாவில் வந்தவன். 2001-இல் நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக அனுப்பியபோது என் வேலையும் போயிற்று. இப்போது உள்ளதுபோல் அறுபது நாள் அவகாசம் தரும் விதி அன்று கிடையாது. அடுத்த வேலை கிடைக்கும்வரை நானும் மனைவியும் தூங்காமல் கழித்த இரவுகள் பல. அந்த நாட்களில் அடுத்த வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற டெக்சாஸ்காரர் ஒருவர்தான் மாலை வேளைகளில் எங்களைத் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து, வானொலியில் இந்தப் பக்கத்து மேஜர் லீக் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ஆட்டத்தைக் கேட்க வைத்து, ஒவ்வொரு பந்தையும் தாளில் குறிக்கும் முறையைச் சொல்லித் தந்தார். அந்த அணியின் பழைய பிட்சர் நோலன் ரையன் நாற்பது வயதைத் தாண்டியும் எறிந்ததைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் இருட்டும்வரை பேசுவார். 2003-இல் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவுக்கு, ரேஞ்சர்ஸின் கீழ்நிலை அணியான ரஃப்ரைடர்ஸ் வந்தபோது நாங்கள் மூவரும் சேர்ந்து போனோம். வேலை போன நாட்களில் கைக்குழந்தையாக இருந்த என் மகன் அப்போது அவர் தந்த பழைய கையுறையுடன் வந்தான். இன்றும் நான் ஆட்டத்துக்குப் போனால் பென்சிலும் தாளுமாகத்தான் உட்காருவேன். இந்த நாட்டில் என்னை வேரூன்ற வைத்தவை என்று கணக்கிட்டால் அந்தத் தாளுக்கு முதலிடம் தருவேன்.

அந்த மகனும் பிட்சரானான். தனியார் அணி ஒன்றின் பயிற்சியாளர், கோடை வெயில் நூறு ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஒரு சனிக்கிழமை, காலை ஆட்டத்தில் முழுதாக எறிந்தவனை மாலை ஆட்டத்திலும் பந்தெறியும் மேட்டில் ஏற்றினார். அவன் பந்தை விட்டதும் கையை உதறுவதைப் பார்த்தேன். வாயிலைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அணிக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. மற்றப் பெற்றோர் சில மாதங்கள் என்னுடன் பேசவும் இல்லை. என் மகன் உயர்நிலைப் பள்ளி முடியும்வரை வலியில்லாமல் எறிந்தான், பிறகு பொறியியல் படிக்கப் போனான். அதே அணியில் அவனைவிட வேகமாக எறிந்த பையன் பதினாறு வயதில் முழங்கையைக் கட்டிக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தந்தையும் நல்லவர்தான். வேகமானியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளையாட்டு என்றாலே நேர விரயம் என்று பிள்ளையை எழுத்துக்கூட்டல் போட்டிக்கும் கணிதப் பயிற்சிக்கும் மட்டும் அழைத்துப் போகிறவர்கள் ஒரு வகை. பத்தாண்டுகளாக இன்னொரு வகை பெருகியிருக்கிறது: கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காகவே பிள்ளையை அணியில் சேர்த்து, டியூஷன் மாதிரி அதையும் பன்னிரண்டு மாதமும் நடத்துகிறவர்கள். இவர்கள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறார்கள். கணக்கை இரவு பகலாகப் போட்டால் கணக்கு வரலாம். எலும்பு அந்த விதிக்குக் கட்டுப்படாது.

மேஜர் லீக் வழி எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். பிட்சர் குமார் ராக்கரின் கதையை மகனுடன் உட்கார்ந்து படியுங்கள். தந்தை டிரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் ஆடியவர். தாய் இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்ட பையன். ஜார்ஜியாவில் உயர்நிலைப் பள்ளி முடித்த 2018-இல் கொலராடோ அணி அவரை, அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 38-ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் கையெழுத்திடாமல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்டும் (தளத்தை எட்டவைக்கும் அடி) தராமல் பத்தொன்பது பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழக்க) செய்தார். அன்றைக்கு நாட்டில் அவரைவிடப் பேசப்பட்ட கல்லூரி பிட்சர் இல்லை. 2021-இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு ஒப்பந்தமே தரவில்லை. அந்தச் செப்டம்பரில் தோளில் அறுவை சிகிச்சை. 2022-இல் பெரிய அணிகளோடு தொடர்பில்லாத ஃபிரான்டியர் லீக்கில், நியூயார்க் மாநிலத்து டிரை-சிட்டி அணிக்குச் சில வாரங்கள் எறிந்து தன்னை மீண்டும் காட்டினார். ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது இடத்தில் எடுத்து 52 இலட்சம் டாலருக்குக் கையெழுத்திட வைத்தது. 2023 மே மாதம் முழங்கைத் தசைநார் போய், டாமி ஜான் அறுவை சிகிச்சையும் ஆயிற்று.

அவர் மீண்டு 2024 கோடையில் நம் ஃபிரிஸ்கோவில் எறிந்தபோது நான் போய்ப் பார்த்தேன். ஸ்லைடர் என்னும் வளையும் பந்து மட்டையாளரின் தட்டுக்கு முன்னால் வந்து கீழே விழுந்தது. மட்டையாளர்கள் வீசி முடித்த பிறகுதான் பந்து எங்கே என்று தேடினார்கள். பிறகு ஒரு படி மேலான ரவுண்ட் ராக் அணி, அங்கிருந்து செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக் அறிமுகம்: நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்டிரைக் அவுட், விட்டுக்கொடுத்தது ஒரே ஓட்டம். முதல் டிராஃப்டிலிருந்து ஆறு ஆண்டுகள், இரண்டு அறுவை சிகிச்சைகள். நாடே பார்த்துக்கொண்டிருந்த, இத்தனை உடல்வலுவும் இத்தனை உதவியும் உடைய ஒருவருக்கே இது இப்படி நடந்தது. 2014-இல் ஹூஸ்டன் அணி நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பிராடி எய்க்கனும் முழங்கைப் பரிசோதனையால் ஒப்பந்தம் இழந்தார். மறு ஆண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கிளீவ்லாந்து எடுத்தும் மேஜர் லீக்கை எட்டவே இல்லை.

கிரிக்கெட் நாட்டிலிருந்து போனால் தனிச் சலுகை உண்டு என்றும் நினைக்க வேண்டாம். 2008-இல் இந்தியாவில் நடந்த போட்டி ஒன்றில் தேர்வான உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருடனும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவரும் ஈட்டி எறியப் பழகியவர்கள். ரிங்கு பல ஆண்டுகள் உழைத்தும் கீழ்நிலை லீக்குகளில் ஒன்றான சிங்கிள்-ஏ நிலையைத் தாண்டவில்லை. பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

பணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். டிராஃப்டில் இப்போது இருபது சுற்றுகளே. தேர்வானவர்கள் பயிற்சி வளாக லீக்கில் தொடங்கி சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏற வேண்டும். 2023-இல் வீரர்கள் சங்கம் பேசி உயர்த்திய பிறகும் அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் அடிமட்டத்தில் 19,800 டாலர், டிரிபிள்-ஏயில் 35,800 டாலராகத்தான் இருந்தது. மேஜர் லீக்கில் 2025-இன் குறைந்தபட்சம் 7 இலட்சத்து 60 ஆயிரம் டாலர். இந்த இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தம் இருபதுகளைச் செலவிடுகிறார்கள்.

இங்கே எல்லாரும் மறந்துவிடும் விஷயம் விசா. உங்கள் மகன் உங்களைச் சார்ந்தவனாக எச்-4 விசாவில் இருக்கிறான். இருபத்தொரு வயதில் அது முடிந்துவிடும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நீளும் விதத்தைப் பார்த்தால் அதற்குள் உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். நான்காண்டுக் கல்லூரி வீரர்கள் மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது இருபத்தொரு வயதில், டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். அதாவது அவனுடைய விசா முடியும் வயதும் அவனுக்குக் கதவு திறக்கும் வயதும் ஒன்றே. கல்லூரியில் எஃப்-1 மாணவனாக மாறி ஆடலாம், உதவித்தொகையும் பெறலாம். ஆனால் மற்ற வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் பயன்படுத்தச் சம்மதித்துச் சம்பாதிக்கும் பணம் அவனுக்கு எளிதில் கிடைக்காது, ஏனென்றால் அந்த விசாவில் அதை வேலையாகக் கருத இடமுண்டு. தொழில்முறை அணி எடுத்தால் விளையாட்டு வீரர்களுக்கான தனி விசாவை அந்த அணி வாங்கித் தர வேண்டும். மகன் பத்தாம் வகுப்புக்குப் போகுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் அனுபவத்திலிருந்து சொல்லும் விசா ஆலோசனையை நம்பாதீர்கள். அவர் வந்த ஆண்டு வேறு, விதி வேறு.

70 மைல் என்பது அவன் வயதுக்கு நல்ல வேகம். இந்த ஆண்டு பள்ளியோ ஊர் லீக்கோ ஒன்றில் மட்டும் எறியட்டும், மற்ற நாட்களில் ஃபர்ஸ்ட் பேஸ் எனும் முதல் தளத்தில் நிற்கட்டும், மட்டை பிடிக்கட்டும். ஃபாஸ்ட்பாலும் வேகத்தைக் குறைத்து எறியும் பந்தும் இப்போதைக்குப் போதும். முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று அவன் சொன்னால் அன்றே நிறுத்தி, விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காப்பீட்டில் எவ்வளவு உங்கள் கையிலிருந்து போகும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான ஓய்வு மாதங்களில் நம் பையன்கள் பூங்காவில் கிரிக்கெட் ஆட அவனைக் கூப்பிடுவார்கள். போகட்டும், மட்டை பிடிக்கட்டும். ஆனால் எல்லைக் கோட்டருகே நிறுத்த வேண்டாம், அங்கிருந்து விக்கெட் காப்பாளருக்கு எறிவதும் அதே முழங்கைதான். ஸ்லிப்பில் நிற்கச் சொல்லுங்கள்.