படியேறினால் மூச்சு வாங்குகிறது: மைட்டோகாண்ட்ரியா மாத்திரை உதவுமா?

கேள்வி: வயது 57. மும்பை செம்பூரில் இருக்கிறேன். இப்போதெல்லாம் குர்லா ஸ்டேஷன் பாலம் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ‘மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பழுதாவதுதான் முதுமை, அது அம்மா வழியில் வரும்’ என்று சொல்லி, மாதம் 3,000 ரூபாய்க்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கச் சொல்கிறார் நண்பர். என் அம்மாவும் ஐம்பதிலேயே தளர்ந்துபோனவர். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள்.

நண்பர் சொன்னது பாதி உண்மை. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. உடல் அதை ஓயாமல் நகலெடுக்கிறது; எடுக்கும்போது பிழையும் விழுகிறது. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நகல்கள் இருப்பதால் நாலைந்து கெட்டால் ஒன்றும் ஆகாது. பழுதானவை பெரும்பான்மையாகும்போதுதான் அந்தச் செல் சோர்கிறது. வயதாக ஆக, தசையிலும் மூளையிலும் இப்படிச் சில செல்கள் அங்கங்கே சேர்கின்றன.

2004இல், இந்த நகலெடுப்பில் வேண்டுமென்றே பிழை மலியும்படி எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குச் சீக்கிரமே முடி கொட்டி, முதுகு கூனி, எலும்பு மெலிந்தது. ஆனால் அவற்றின் உடலில் ஆக்ஸிஜனேற்றச் சேதம், அதாவது ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை தடுப்பதாகச் சொல்லும், ஆக்ஸிஜனால் செல்லுக்கு வரும் சேதம், பெரிதாகக் கூடவில்லை. பிழை வந்தது நகலெடுப்பில். மாத்திரை விற்பவர் பழி போடுவதோ ஆக்ஸிஜன்மேல்! போதாக்குறைக்கு, வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் உடற்பயிற்சியின் பலனைக் குறைத்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது.

அப்புறம், அம்மா விஷயம். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருவது சரிதான். ஆனால் வயதோடு சேரும் பழுது பெரும்பாலும் உங்கள் உடம்பிலேயே உண்டாவது. அம்மாவுக்கோ அவர் வழி உறவினருக்கோ இளவயதிலேயே சர்க்கரையும் காது மந்தமும் சேர்ந்து இருந்ததா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பரம்பரை மைட்டோகாண்ட்ரியா கோளாறாக இருக்கலாம், அது வேறு கதை.

57 வயதில் புதிதாக மூச்சு வாங்கினால் ‘வயசாயிடுச்சு’ என்று நான் விடமாட்டேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்), இவற்றை இந்த வாரமே பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ வியர்வையோ சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு நடைப்பயிற்சியைத் தொடங்குங்கள். பயிற்சி செய்யும் தசையில் புது மைட்டோகாண்ட்ரியா உருவாகிறது. அதுவரை குர்லா பாலத்தில் நிதானமாக, நின்று நின்று ஏறுங்கள். ஒரு வண்டி போனால் அடுத்தது வரும்.