மூக்கனேரிக்கு ஒரு பட்டியல், மலைக்கு இன்னொன்று

கேள்வி: பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேலம் மூக்கனேரியில் தொடங்கி ஏற்காடு வரை பார்த்ததை, பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் ஒரே பட்டியலாகப் போட்டேன். பிரித்துப் போடச் சொல்கிறார்கள். காக்கா, மைனாவைக்கூட எழுத வேண்டுமா?
- வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: பிரித்தே போடுங்கள். ஏரிக்கரை கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. ஏரியில் நீந்தும் நாமக்கோழியும் காபித் தோட்டத்துச் செம்மீசைச் சின்னானும் ஒரே புள்ளியில் விழுந்தால், எது எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வண்டியில் மலை ஏறிக்கொண்டே எண்ணாதீர்கள். ஓரிடத்தில் இறங்கி, குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அந்த இடத்துக்கென்று ஒரு பட்டியல் போடுங்கள். நடந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போதும். போன வழியே திரும்பினால் தூரத்தை ஒருவழிக்கு மட்டும் எழுதுங்கள். போகும்போது எண்ணிய பறவையைத் திரும்பும்போது மறுபடி எண்ணக் கூடாது.

காக்காவை எழுதியே ஆக வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று பட்டியலின் முடிவில் கேட்பார்கள். காக்காவை விட்டுவிட்டு 'ஆம்' என்றால், அன்று ஏரியில் காக்காவே இல்லை என்று கணக்காகிவிடும். சாதாரணப் பறவை குறைகிறதா என்பது இந்தச் சாதாரணப் பட்டியல்களில்தான் தெரியவரும். அரிய பறவை ஒன்றைவிட இது எங்களுக்குப் பெரிது.

சாயங்காலம் ஏரித் திட்டு மரங்களில் கொக்குகள் அடையும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு கிளையை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, மரம் முழுக்க அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். 140 என்று ஒரு மதிப்பீடு எழுதினால் அடுத்த ஆண்டோடு ஒப்பிடலாம். எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போட்டால் கொக்கு இருந்தது என்பது மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: ஏற்காட்டில் எடுத்த செடிப் படங்களுக்கு, உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் யாரும் பெயர் சொல்வதில்லையே?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பூவை மட்டும் எடுத்திருப்பீர்கள். பூவின் முகம், பக்கவாட்டு, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலைகள் தண்டில் எதிரெதிரே நிற்கின்றனவா மாறி மாறியா என்று காட்டும் படம் ஒன்று: ஐந்தும் ஒரே பதிவில் வேண்டும். இலையைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள ரோமம் தெரியும். சில இனங்களைப் பிரிப்பதே அதுதான். இலையைப் பறிக்க வேண்டாம். தோட்டத்துச் சில்வர் ஓக், காபிச் செடிகளைப் 'பயிரிடப்பட்டது' என்று குறியுங்கள்.

பெயர் தெரியாவிட்டாலும் 'ஆர்க்கிட்', 'புல்' என்ற அளவிலாவது போடுங்கள். வெறுமனே விட்டால், அந்தக் குடும்பத்தை மட்டும் தேடிப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. காட்டு மரத்தில் ஆர்க்கிட்டைக் கண்டால் இடத்தை மறைத்துப் பதியுங்கள். துல்லியமான புள்ளி தெரிந்தால் பறித்துப்போக ஆள் வந்துவிடும்.